அல்சூர் கடையில் கம்பி வலையைக் கழற்றிய கதை

தமிழ்நாட்டில் ஒயின் ஷாப் என்றால் அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். 2003-இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது. பலகையில் பெயர் மாறியதே தவிர, பேச்சில் இன்னும் ஒயின் ஷாப்தான். நான் வேலூர்ப் பக்கத்துப் பெண். கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து, அந்தப் பொந்துக்குள் ஒரே சமயத்தில் நாலைந்து கைகள்: சாலையின் எதிர்ப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கும்போது கண்ணில் பட்ட அளவுக்குத்தான் எனக்கு ஒயின் ஷாப் தெரியும்.

கல்யாணமாகிப் பெங்களூர் வந்து பதினோரு வருடம். வீடு, பல் மருத்துவர் கிளினிக், துணிக்கடை என்று இன்டீரியர் வேலை செய்துகொண்டிருக்கிறேன். 2024 பிப்ரவரியில் என் மாமனாரின் பழைய சிநேகிதர் ஒருவர் கூப்பிட்டார். அல்சூரில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே டாஸ்மாக் மாதிரி கிடையாது, கடைகள் பெரும்பாலும் தனியார் கையில். சி.எல்-2 என்று உரிமம். வாங்கிக்கொண்டு போகலாம், உள்ளே குடிக்கக் கூடாது.

"கடையைக் கொஞ்சம் டீசன்டாப் பண்ணித் தாம்மா. பக்கத்துல புது அபார்ட்மென்ட் வந்திருக்கு. ஒயின் இருக்கான்னு கேக்கறாங்க, எட்டிப் பாத்துட்டுப் போயிடறாங்க" என்றார்.

அவரிடம் ஒயின் இல்லாமல் இல்லை. முதல் நாள் போய்ப் பார்த்தபோது எங்கே என்று கேட்டேன். கடைப்பையன் ஏணியை எடுத்து வந்து, கூரையை ஒட்டிய மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக் கொடுத்தான். தலைக்கு மேல் ஒரு சாணில் குழல் விளக்கு. பாட்டிலைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாத எனக்கே அது தப்பென்று பட்டது.

அடுத்து நான் செய்தது, எதிரே இருந்த ஐயங்கார் பேக்கரியில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கடையை வேடிக்கை பார்த்ததுதான். குவார்ட்டரும் டெட்ரா பாக்கெட்டும் வாங்குபவர் ஒரு நிமிடம் நிற்பதில்லை. காசு நீட்டுவார், பொருள் வரும், இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினார். கடை வாசலைப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரிடமே பணம் கொடுத்து வாங்கிவரச் சொல்லிவிட்டு, போனைப் பார்ப்பதுபோல நின்றார். ஆட்டோக்காரர் எதையோ வாங்கி வந்தார். அது அந்தப் பெண் கேட்டது இல்லை போல, திரும்பப் போனார். இரண்டாம் முறையும் அதே கதை. அப்போதுதான் எனக்கு வேலை என்னவென்று பிடிபட்டது. பெயின்ட் இல்லை, விளக்கு இல்லை. அந்த வலை.

மாமாவிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "வலையை எடுத்தா ராத்திரி பத்து மணிக்கு யாரும்மா பொறுப்பு?" நியாயமான கேள்வி. நானும் முழுதாக எடுக்கச் சொல்லவில்லை. பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் கவுண்டருக்குப் பின்னாலேயே இருக்கட்டும். ஒயின் மட்டும், வருபவர் கையில் எடுத்து லேபிளைப் படிக்கிற மாதிரி வெளியே வரட்டும் என்றேன். "எடுத்துப் பாத்துட்டு வாங்காமப் போயிட்டா?" என்றார். துணிக்கடையில் என்ன செய்கிறார்கள் மாமா என்றேன். பதில் சொல்லவில்லை, காபி சொன்னார்.

கடை பதினோரு அடி அகலம், முப்பத்து நாலு அடி நீளம். வாசல் மேற்குப் பார்த்தது. வெயில் படாத குளிர்ந்த இடம் பின்பக்கம்தான். ஒயின் அங்கே இருக்க வேண்டும். ஆனால் பின்பக்கம் போக, முன்னால் நிற்கும் கூட்டத்தை இடித்துக்கொண்டுதான் போக முடியும். ஆட்டோவில் வந்த பெண் அதைச் செய்யப் போவதில்லை. இதை வைத்துக்கொண்டு நாலு நாள் மண்டையை உடைத்தேன். கடைசியில் விடை ஒரு பழைய தாளில் கிடைத்தது. உரிமத்தோடு கடையின் வரைபடம் கலால் துறையில் பதிவாகியிருக்கும், எல்லையை மாற்றுவதென்றால் அனுமதிக்கு அலைய வேண்டும் என்று மாமா முதலிலேயே எச்சரித்திருந்தார். அந்த வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி விரித்தால், முன்பக்கம் இரண்டு ஷட்டர் வரைந்திருந்தது. எனக்குத் தெரிந்து ஒன்றுதான். "இன்னொண்ணும் இருக்கேம்மா, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்குற பக்கம். பதினஞ்சு வருஷமாத் திறக்கல."

சரி, தீர்ந்தது. சுவரைத் தொட வேண்டாம். இடது ஷட்டர் அவசரக்காரர்களுக்கு, கவுண்டரோடு. வலது ஷட்டர் ஒயினுக்கு, நேராகப் பின்பக்கம் வரை நாலடி நடை. இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு மரத் தடுப்பு. அட்டைப்பெட்டிகளை நகர்த்தியபோது பின்னாலிருந்து ஒரு பெருச்சாளிக் குடும்பம் கிளம்பியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய தரையை உடைத்து டைல்ஸ் போடுவது என் திட்டம். மார்ச்சில் ஊரே தண்ணீருக்கு அல்லாடியது ஞாபகமிருக்கும். கட்டுமானத்துக்குக் குடிநீரைத் தொடக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. டேங்கர்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் டைல்ஸை விட்டுவிட்டேன். பழுப்பேறிக் கிடந்த பழைய ரெட் ஆக்சைடு தரையைக் கழுவித் துடைத்து, விரிசலை அடைத்து, மெழுகு தேய்த்தோம். இன்றைக்குக் கடைக்கு வருபவர்கள் முதலில் பாராட்டுவது அந்தத் தரையைத்தான். நான் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.

அலமாரி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், இங்கேதான் அதிகம் கற்றுக்கொண்டேன். 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்று சுமார் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. மூன்றடித் தட்டில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு நிற்கும். இரண்டு வரிசை வைத்தால் முப்பது கிலோ. மிஸ்திரி பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு தட்டு செய்து, அதன் மேலேயே ஏறி நின்று காட்டினார். நின்றது. ஆனால் பாட்டிலை அடுக்கி ஒரு வாரம் விட்டதும் நடுவில் தொய்ந்து, பாட்டில்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன. ஏறி இறங்குகிற ஆள் வேறு, இறங்காமல் நிற்கிற பாரம் வேறு. தட்டின் முன்விளிம்பில் இரும்புப் பட்டை கொடுத்து, சட்டத்தை எம்.எஸ். என்கிற சாதா இரும்புப் பைப்பில் அடித்தோம். அப்புறம் வாசலில் பஸ் போனால் பாட்டில்கள் மெல்லக் கிணுகிணுக்கும். அதற்குத் தட்டில் ரப்பர் விரிப்பும், பாட்டில் வழுக்கி விழாமலிருக்க விளிம்பில் ஒரு கம்பியும்.

நானூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, பிற்பகல் மூன்று மணிக்குக் கடைக்குள் மேலும் கீழும் வைத்துப் பார்த்தேன். கூரை அருகே 33 டிகிரி, கணுக்கால் உயரத்தில் 28. ஒயினுக்குச் சொல்லப்படுவது 12 முதல் 14. ஆக மாமா முப்பது வருடமாகச் சூட்டைத் தாங்கும் விஸ்கியைக் கீழேயும், தாங்காத ஒயினை மேலேயும் வைத்திருக்கிறார். தலைகீழாக மாற்றினோம். கார்க் போட்ட பாட்டில்கள் கீழ்த்தட்டில், படுத்த வாக்கில். நிற்க வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போகும். திருகு மூடி போட்டவை நிற்கலாம். அவற்றைக் கண் மட்டத்தில் வைத்தோம். நாசிக்கின் சூலா, நந்தி மலையடிவாரத்து குரோவர் என்று கைக்கு வருவதெல்லாம் அங்கே. விலை கூடின நாற்பது பாட்டிலுக்கு மட்டும் ஒரு ஒயின் ஃபிரிட்ஜ். பின்பக்கம் முழுக்க ராத்திரியும் ஏ.சி. ஓட வேண்டும் என்றபோது மாமா கரன்ட் பில்லைக் கையில் கொண்டுவந்து காட்டினார். அதனால் பின்பக்கத்தின் கடைசி எட்டடியைக் கண்ணாடிக் கதவு போட்டு அடைத்து, அந்தச் சின்ன அறைக்கு மட்டும் ஒரு டன் ஏ.சி., 18 டிகிரியில். பகலில் குளிர், ராத்திரியில் சூடு என்று மாறி மாறி வருவதும் ஒயினுக்கு ஆகாது என்பதால், அதை அணைக்கவே கூடாது என்று ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினேன். இரண்டு முறை டேப் பிரிந்திருந்தது. யாரென்று கேட்கவில்லை.

வலையைக் கழற்றும் வேலைக்குக் கடை மூடியிருக்க வேண்டும். வியாபாரத்தை ஒரு நாள்கூட நிறுத்த மாமா சம்மதிக்கவில்லை. தேர்தல் கைகொடுத்தது. பெங்களூரில் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. 24-ஆம் தேதி மாலையே கடைகளை மூட வேண்டும். ஷட்டர் இறங்கியதும் ஃபேப்ரிகேட்டர் கட்டிங் மிஷினோடு உள்ளே வந்தார். வெட்டிய வலையைச் சுவரில் சாய்த்தபோது பார்த்தேன்: பொந்தின் விளிம்பு மட்டும், கை பட்டுப் பட்டு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. மற்ற இடமெல்லாம் துரு. பழைய இரும்புக்காரர் எடைபோட்டுத் தூக்கிக்கொண்டு போனார். 26-ஆம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு மை விரலோடு வந்து அலமாரிகளை நிறுத்தினோம்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வலது ஷட்டர் பக்கம் முழுக் கண்ணாடி போட்டு, சாயங்கால வெளிச்சம் ஊடுருவட்டும் என்று ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். போட்டோவில் அவ்வளவு அழகு. ஏப்ரல் 28 அன்று பெங்களூரில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. மறுநாள் மாமா போனில் கூப்பிட்டு, "பாட்டில் நாக்கைத் துருத்துதும்மா" என்றார். போய்ப் பார்த்தால், ஒரு பாட்டிலின் மேலுறையை முட்டிக்கொண்டு கார்க் அரை சென்டிமீட்டர் எழும்பியிருந்தது. கழுத்தில் பிசுபிசுப்பு. சூட்டில் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. சூடு ஒரு பக்கம், வெளிச்சம் இன்னொரு பக்கம். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வெயில் பட்டால் ஒயினில் வெந்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும் என்று பிறகுதான் படித்தேன். ஆறு பாட்டில் நஷ்டம் என் பில்லில் கழிந்தது. கண்ணாடியில் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டி, அந்த இடத்தில் காலி மரப்பெட்டிகளையும் ஒரு பெஞ்சையும் போட்டேன். பெஞ்சைப் பார்த்த மாமா, "உக்காந்து குடிக்கிறாங்கன்னு எழுதிட்டாப் போச்சு" என்று அதையும் எடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி.

விளக்கில் பெரிய கதை இல்லை. சூடு கக்காத எல்.இ.டி., ஒயின் பக்கம் மஞ்சள் சாயல், கவுண்டர் பக்கம் வெள்ளை. முதலில் எல்லா இடத்திலும் மஞ்சளே போட்டிருந்தேன். "ஐநூறுக்கும் இருநூறுக்கும் வித்தியாசம் தெரியல" என்று கடைப்பையன் புலம்பியதால் மாற்றினேன். பெயர்ப்பலகையில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி அந்த வருடம்தான் கெடுபிடியானது. நாங்கள் எப்படியும் புதுப் பலகை எழுதவேண்டியிருந்ததால் செலவு தனியாகத் தெரியவில்லை.

தட்டுகளில் விலையோடு ஒரு வரி எழுதிய அட்டை வைப்பது என் ஆசை. எழுத உட்கார்ந்தபோது மாமா கேட்டார்: "எல்லாரும் டானின் டானின்ங்கறாங்களே, அது என்னம்மா?" நாவல்பழம் தின்றால் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்புதான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மொழியில் நான் எழுதிய அட்டைகளை யார் படிக்கிறார்களோ தெரியாது. மாமா வருபவரிடமெல்லாம், கன்னடமோ தமிழோ இந்தியோ, நாவல்பழத்தைச் சொல்லித்தான் விற்கிறார்.

இங்கே கலால் ஆண்டு ஜூன் 30-இல் முடியும். உரிமம் புதுப்பிப்பதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதுதான் கெடு. ஒரு வாரம் முன்னதாகவே முடித்தோம். வந்து பார்த்த அதிகாரி வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஷட்டரையும் எண்ணினார், தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நானும் பேக்கரிப் பக்கம் நிற்காமல் கடைக்குள்ளேயே நின்றேன். வலது பக்கம் இரண்டு பெண்கள் வந்து, பத்து நிமிடம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, எதுவும் வாங்காமல் போனார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு பெரியவர் வந்தார். தினம் வருபவராம். கவுண்டரில் இப்போது மறைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் கொஞ்சம் குனிந்து, முழங்கையை ஒடுக்கி, பொந்து இருந்த அதே உயரத்தில் கையை நீட்டி, நூறு ரூபாய் நோட்டோடு அப்படியே காத்திருந்தார்.