ஆட்சி ஆட்டம் காணுமா? சிசு மரணக் கணக்கைப் பாருங்கள்

ஒரு நாட்டின் அரசு நிலைக்குமா கவிழுமா என்று தெரிய எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் ஜிடிபி, பணவீக்கம், வேலையின்மை என்பார்கள். நான் முதலில் தேடுவது சிசு மரண விகிதத்தை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் எத்தனை இறக்கின்றன என்ற கணக்கு.

சோவியத் ஒன்றியத்தில் இது 1971இல் 22.9 ஆக இருந்தது, 1974இல் 27.9. போர் இல்லை, பஞ்சம் இல்லை, விண்வெளிக்கு ஆள் அனுப்பிய நாடு, அங்கே இந்த எண் ஏறுகிறது என்றால் உள்ளே ஏதோ சரியில்லை. அதற்கு அப்புறம் அந்த எண்ணை வெளியிடுவதையே பல வருடங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். எமானுவேல் டோட் என்ற பிரெஞ்சுக்காரர், அப்போது 25 வயதுதான், இதை முக்கியமான தடயமாக எடுத்துக்கொண்டு சோவியத் அமைப்பு சரியப்போகிறது என்று 1976இலேயே புத்தகம் எழுதினார். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி மத்திய ஆசியப் பகுதிகளில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்கானதால் வந்தது என்று பிற்பாடு சில மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொன்னார்கள். இருக்கலாம். எண் ஏறியதைவிட அதை மறைத்ததுதான் எனக்குப் பெரிய தரவாகப் படுகிறது.

1994இல் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் கேட்டுக்கொண்டதன் பேரில், சிஐஏ பணத்தில், ஓர் ஆய்வுக் குழு உட்கார்ந்தது. சோமாலியாவும் யூகோஸ்லாவியாவும் சிதறிப்போயிருந்த நேரம், அடுத்தது எது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்ற கவலை. நூற்றுக்கணக்கான அளவுகளைப் போட்டுச் சலித்ததில் முதல் சுற்றில் தேறியவை மூன்றே மூன்று: சிசு மரணம், வெளிநாட்டு வர்த்தகத்துக்கு நாடு எவ்வளவு திறந்திருக்கிறது, ஜனநாயகம் எந்த அளவுக்கு இருக்கிறது. குழந்தை பிழைப்பதற்குள் குடிநீர், தாயின் சாப்பாடு, அவள் படிப்பு, மருத்துவமனைக்குப் போகும் சாலை எல்லாமே அடக்கம் என்பதால் முதலாவது எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

அந்தக் குழுவைச் சேர்ந்த ஜாக் கோல்ட்ஸ்டோனும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட வடிவத்தில் இது நான்காக மாறியது: ஆட்சி வகை, சிசு மரணம், அக்கம்பக்கத்து நாடுகளில் சண்டை, அரசே ஒரு பிரிவினரை ஒதுக்குவது. முழு சர்வாதிகாரமும் முழு ஜனநாயகமும் ஓரளவு தாங்கும், தேர்தல் அரைகுறையாக நடந்து கட்சிகள் நீயா நானா என்று பிளந்து நிற்கும் நாடுதான் அதிகம் ஆடும் என்பது அதில் முக்கியமான முடிவு.

இலங்கை ஞாபகம் வராமல் இதைப் படிக்க முடியாது. சிசு மரணம் இந்தியாவைவிடப் பல மடங்கு குறைவாக இருந்த நாடு, ஆனாலும் 1983இல் போர். சிசு மரண எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. 1956 சிங்களம் மட்டும் சட்டம், பல்கலைக்கழகத்தில் சேரத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட எழுபதுகளின் தரப்படுத்தல் இதெல்லாம் நான்காவது அளவான ஒதுக்கலில்தான் வரும். ஆனால் ஒதுக்கலுக்குத் தராசு கிடையாது, யாரோ சில ஆய்வாளர்கள் சட்டங்களையும் செய்திகளையும் படித்து மதிப்பெண் போடுகிறார்கள், அப்புறம் அது கணினிக்குள் போய்ச் சுத்தமான எண்ணாக வெளியே வருகிறது.

இந்த நான்கு அளவுகளை வைத்துக் கோல்ட்ஸ்டோன் குழு போட்ட கணிப்பு முறை இரண்டு வருடம் முன்கூட்டியே 80 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்கிறதாம். சரி, போட்டுப் பார்ப்போம். 160 நாடுகள், அதில் ஒரு வருடத்தில் நிஜமாகக் குலையப்போவது நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் மூன்றைப் பிடித்துவிடும். மீதி 156இல் ஐந்தில் ஒன்றுக்கு, அதாவது 31 நாடுகளுக்கு, வீணாக மணி அடிக்கும். கையில் 34 பெயர் கொண்ட பட்டியல், அதில் உண்மையானவை மூன்று. எந்த மூன்று என்று கண்டுபிடிக்க, அந்தந்த ஊர்ப் பத்திரிகையை அந்த மொழியிலேயே படிக்கிற ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.