உப்புத்திரிக்கு ஒரு வாசல்

என் கேமைப் பற்றி எழுத நினைத்த ஒருவர் எனக்கு அனுப்பிய செய்தியை 41 நாள் கழித்துத்தான் பார்த்தேன். அவர் கேட்டது சின்ன விஷயம்: மேலே எழுத்து எதுவும் இல்லாத இரண்டு ஸ்க்ரீன்ஷாட், எந்த மாதம் வெளியாகும், எதிலெல்லாம் ஓடும். நான் பார்ப்பதற்குள் அவருடைய கட்டுரை வந்துவிட்டது. தனியாளாகச் செய்த ஏழு கேம்கள் அதில் இருந்தன. என்னுடையது இல்லை.

அந்தச் செய்தி போய் விழுந்தது ஒரு சமூக வலைத்தளக் கணக்கில். அப்போது இணையத்தில் எனக்கு இருந்த ஒரே முகவரி அதுதான். செய்துகொண்டிருக்கும் கேமின் படத்தைச் சனிக்கிழமைதோறும் போடுவது தனி டெவலப்பர்களிடம் பல வருடமாக இருக்கும் பழக்கம். நானும் இரண்டரை வருடம் ஒரு சனிக்கிழமை விடாமல் போட்டேன். ஒருநாள் கணக்கு பூட்டிக்கொண்டது. காரணம் சொல்லவில்லை. முறையிட்டு முறையிட்டு ஆறு வாரம் கழித்துத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் வந்த செய்திகளில் ஒன்றுதான் அது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மூன்று வருடம் உழைத்து ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறேன், அதற்கு வாசல் வைக்க ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை என்ற எண்ணமே சுற்றிச்சுற்றி வந்தது.

காலையில் முதல் வேலையாக டொமைன், அதாவது தளத்துக்கான சொந்த முகவரி, வாங்க உட்கார்ந்தேன். உடனே பெயர் இடித்தது. அப்போது கேமின் பெயர் ‘லேன்டர்ன்’. கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை என்பதால் அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் விற்பனைக்கு இருக்கும் விளக்குகள்தான் பக்கம் பக்கமாக வரும். சொந்த அக்காவே, “தேடிப் பார்த்தேன்டா, கிடைக்கலையே” என்றாள். என்னையும் கேமையும் நன்றாகத் தெரிந்தவளுக்கே கிடைக்காதது முன்பின் தெரியாதவருக்கு எப்படிக் கிடைக்கும்? நான்கு நாள் யோசித்து ‘உப்புத்திரி’ என்று மாற்றினேன். தேடினால் வேறு எதுவும் குறுக்கே வரவில்லை. அப்புறம் ஆங்கில எழுத்தில் அதை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பது உறைத்தது. ஒருவர் ‘ப’ ஒன்று போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். அதனால் இரண்டு டொமைன் வாங்கி, ஒன்றில் வருபவர் மற்றொன்றுக்குத் தானாகப் போகும்படி வைத்தேன். பெயர் வைக்கும் நாளிலேயே அதைத் தேடுபெட்டியில் போட்டுப் பாருங்கள். லோகோ, டிரெய்லர், கடைப் பக்கத்தில் கேமுக்கு அட்டைபோல் இருக்கும் கேப்ஸ்யூல் படம் எல்லாம் வரைந்த பிறகு மாற்றுவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும்.

டொமைன் பற்றி இன்னொன்று. அதைப் பதிவு செய்த கணக்குக்கு நீங்கள் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் உங்கள் கைக்கு வராது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள், அதில் கொடுத்த கார்டு காலாவதியாகும் மாதத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

சரி, தளத்துக்கு வருகிறேன். நான் முதலில் செய்த பக்கம் எனக்கு அழகாகத்தான் இருந்தது. திறந்ததும் அலைகள் மெல்ல எழும். மூடுபனி விலகும். அதற்குப் பிறகு பெயர் தோன்றும். கீழே போனால் இந்தக் கேமை ஏன் செய்கிறேன் என்று நான்கு பத்தி. ஒரு தோழியிடம் போனைக் கொடுத்து, “இது என்ன கேம், எங்கே கிடைக்கும், கண்டுபிடி” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அலைகளைப் பார்த்தாள். கீழே தள்ளினாள். மேலே வந்தாள். மறுபடி கீழே போனாள். ஒரு நிமிடம் ஆகப்போகும்போது நிமிர்ந்து, “இது படமா, கேமா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் தளத்தை மாற்றியது. போனில் திறந்தவுடன் விரலை அசைக்காமலே தெரியும் இடத்தில் இப்போது மூன்றே பொருள்: ஒரு வாக்கியம், சத்தமில்லாமல் ஓடும் எட்டு விநாடி வீடியோ, கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமுக்குப் போகும் ஒரு பட்டன். இந்த மூன்றில் அதிக நாள் எடுத்தது அந்த ஒரு வாக்கியம். முன்பு எழுதியிருந்தது இது: “தனிமையும் நினைவும் கலந்த ஒரு கடற்பயணம்.” இதைப் படிப்பவருக்கு என் மனநிலை புரியலாம், கேம் புரியாது. இப்போது இருப்பது: “கலங்கரை விளக்கின் ஒளியைத் திருப்பி, பாறைகளின் நிழலை நகர்த்தி, கப்பல்களுக்கு வழி திறக்கும் புதிர் கேம்.” திருப்பு, நகர்த்து, திற. ஆடுபவரின் கை என்ன செய்யும் என்பது வினைச்சொல்லில் இருக்கிறது. இங்கே வந்து சேர பதினோரு முறை எழுதினேன். டிரெய்லர், ஸ்டீமின் சிறு விளக்கம், மின்னஞ்சலின் முதல் வரி என எல்லா இடத்திலும் இப்போது இதே வாக்கியம்தான்.

வீடியோவை முதலில் ஜிஃப் கோப்பாகப் போட்டிருந்தேன். ஜிஃப் படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் அதிகபட்சம் 256 நிறம்தான் இருக்க முடியும். என் கேமில் பாதித் திரை இருட்டுக் கடல். நீலம் கருப்பாகக் கரையும் இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரிந்தது, கோப்பும் பெரியது. அதே காட்சியை எம்பி4 ஆக மாற்றியதும் கடல் கடலாக இருந்தது, அளவும் சில மடங்கு குறைந்தது. ஒலியை அணைத்து வைத்தால்தான் போன் உலாவிகள் அதைத் தானாக ஓடவிடும். ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாமல் அந்த இடத்திலேயே ஓடுவதற்கு ‘பிளேஸ்இன்லைன்’ என்ற சொல்லையும் நிரலில் சேர்க்க வேண்டும்.

லிங்க்கை யாராவது பகிரும்போது கூடவே வரும் முன்னோட்டப் படமும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஓபன் கிராஃப் என்ற குறிச்சொற்கள் அதை முடிவு செய்கின்றன. 1200க்கு 630 பிக்சல் பலருக்கும் பழகிய அளவு. நான் அதை வைக்காததால் பல மாதம் என் லிங்க் ஒரு சாம்பல் பெட்டியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“ஸ்டீமிலேயே பக்கம் இருக்கிறதே, தனித் தளம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டீம் பக்கம் கட்டாயம் வேண்டும், அதுவும் சீக்கிரமே வேண்டும். 100 டாலர் கட்டினால் ஒரு கேமுக்கு இடம் கிடைக்கிறது. ‘விரைவில் வருகிறது’ பக்கம் வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் இரண்டு வாரம் எதற்கும் போதாது. டெமோக்களுக்கான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் திருவிழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும், அதற்குள் உங்களைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேராவது சேர்ந்திருக்க வேண்டும். பிறகு வாங்கலாம் என்று கேமை விஷ்லிஸ்டில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டு நாளில் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்புகிறது, 20 சதவீதமோ அதற்கு மேலோ விலை குறைத்தாலும் அனுப்புகிறது. ஆனால் அவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் உங்களுடையது. அடுத்த கேம் செய்யும்போது அவர்களுக்கு நீங்களாக ஒரு கடிதம் எழுத முடியாது.

அதனால்தான் தளத்தின் அடியில் மின்னஞ்சல் பெட்டி ஒன்று வைத்தேன். இன்று அதில் 212 பேர் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எழுதுகிறேன், பதில் எழுதுபவர்கள் ஒவ்வொருவருக்கும் நானே பதில் போடுகிறேன். தூண்டில் புதிரில் ஒளி தவறான பக்கம் மடிகிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அந்த 212 பேரில் ஒருவர். முதல் கடிதம் பலருக்கு ஸ்பேம் பெட்டிக்குப் போனது, ஏனென்றால் கடிதம் உண்மையிலேயே என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் நான் சேர்த்திருக்கவில்லை. அரை மணி நேர வேலைதான், முதல் கடிதத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கேமைப் பற்றி எழுதுபவர்களுக்கு வேண்டிய தகவலும் படமும் ஒரே இடத்தில் இருக்கும் பக்கம்தான் பிரஸ் கிட். அதைச் செய்யும்போது, பதில் கிடைக்காமல் போன அந்த எழுத்தாளரை மனதில் வைத்துக்கொண்டேன். அவர் எதைக் கேட்டார், எதை நான் கொடுக்கவில்லை? வ்லாம்பீர் என்ற கேம் நிறுவனத்தை இணைந்து நடத்திய ரமி இஸ்மாயில் ‘பிரஸ்கிட்’ என்ற வார்ப்புருவை இலவசமாகவே கொடுத்திருக்கிறார். தகவல் குறிப்பு, வரலாறு, வீடியோ, படங்கள், லோகோ, பங்களித்தவர்கள், தொடர்பு என்று அதில் இருக்கும் வரிசையையே நானும் எடுத்துக்கொண்டேன். ஸ்க்ரீன்ஷாட்கள் 1920க்கு 1080 அளவில், எழுத்துள்ளவை ஒரு ஃபோல்டர், எழுத்தில்லாதவை ஒரு ஃபோல்டர். பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோ, இருட்டுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு ஜிப். “இந்தக் கேமை வீடியோவாகப் போட்டு வருமானம் பெறத் தாராளமாக அனுமதி உண்டு” என்று ஒரு வரி. இதை எழுதாவிட்டால் கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் சிலர் தொடவே தயங்குகிறார்கள். பிறகு மின்னஞ்சல் முகவரி, நடுப்பக்கத்தில், பெரிதாக.

முகவரியைப் பெரிதாகப் போட்டால் போலிகளும் வருவார்கள். “பெரிய சேனல் வைத்திருக்கிறேன், நான்கு கீ அனுப்புங்கள்” என்று வந்த முதல் கடிதத்தை நம்பி அனுப்பினேன். கீ என்பது கேமை ஸ்டீமில் இலவசமாகத் திறக்கும் குறியீடு. அந்த முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இப்போது சேனலின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு நானே எழுதி, “கேட்டது நீங்கள்தானா?” என்று உறுதி செய்த பிறகுதான் கீ போகிறது.

இந்த அக்கறைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. நான் செய்த முதல் கேம், உலாவியிலேயே கேம் ஓடவைத்த ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தது. ஒரு இலவச கேம் தளத்தில் மட்டும் இருந்தது. அந்தத் தளம் மூடியது. 2020 டிசம்பர் 31-ல் ஃபிளாஷுக்கான ஆதரவையே நிறுத்தினார்கள், 2021 ஜனவரி 12 முதல் அது ஓடவும் இல்லை. தன்னார்வலர்கள் ஃபிளாஷ்பாயின்ட் என்ற சேமிப்பகத்தில் எத்தனையோ ஆயிரம் கேம்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என்னுடையது அதில் இல்லை, என்னிடமும் பிரதி இல்லை. அதற்கு வந்திருந்த கருத்துகளை எண்ணித்தான் இன்னும் வருந்துகிறேன். இதற்கு நேர்மாறு ஒன்று சொல்கிறேன்: ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற கேமைச் செய்த ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-ல் தங்கள் சொந்தத் தளத்தில் அதை வெளியிட்டார்கள். 2022 டிசம்பரில்தான் ஸ்டீமுக்கு வந்தார்கள். இடைப்பட்ட பதினாறு வருடமும் ரசிகர்கள் தேடிப் போக ஒரே முகவரி இருந்தது, இலவசப் பதிப்பு அங்கே இன்றும் கிடைக்கிறது.

சமூக வலைத்தளங்களை நான் விடவில்லை. சனிக்கிழமைப் படம் இப்போதும் போகிறது, ஆனால் முதலில் என் தளத்தின் டெவ்லாக்கில், அதாவது கேம் வளரும் கதையை எழுதும் பக்கத்தில், ஏறும், அதன் பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகும். எங்கிருந்து ஆள் வருகிறது என்று பார்க்க ஒவ்வொரு இடத்துக்கும் யுடிஎம் என்ற தனி அடையாளக் குறி ஒட்டிய லிங்க் கொடுக்கிறேன், கேம் செய்பவர்களுக்காக ஸ்டீம் வைத்திருக்கும் ஸ்டீம்வொர்க்ஸ் பக்கத்தில் அது பிரிந்து தெரியும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டீம்வொர்க்ஸில் அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தது. பிரஸ் கிட்டில் வைத்திருந்த லிங்க்கிலிருந்து வந்தவர்கள். தேடிப் போனால், எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் உப்புத்திரியைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். வெளியீட்டு மாதம் சரியாக இருந்தது. கப்பல்களுக்கு வழி திறக்கும் புதிர் கேம் என்றே தொடங்கியிருந்தார். அவர் எனக்கு எதுவும் எழுதிக் கேட்கவில்லை. கட்டுரையில் இருந்த இரண்டு படமும் எழுத்தில்லாத ஃபோல்டரிலிருந்து எடுத்தவை.