இட்டரேட்டர் வினாக்களில் மதிப்பெண் எடுப்பது எப்படி: வெளியீட்டுப் பகுதிக்குத் தயாராகிறவர்களுக்கு

நிரலாக்கத் தேர்வின் முடிவு வந்து, கட்-ஆஃப் கோட்டுக்குச் சற்று மேலே என் மதிப்பெண் நிற்பதைப் பார்த்த பிறகே இதை எழுதத் துணிகிறேன். தாளின் அமைப்பும் நெகட்டிவ் மதிப்பெண்ணும் உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் நேராக, ஒரு நிரலைத் தந்து (பெரும்பாலும் பைத்தானில்) அது என்ன அச்சிடும் என்று கேட்கும் 'வெளியீடு என்ன?' பகுதிக்கு வருகிறேன். அங்கே என்னைக் கரை சேர்த்தவை இட்டரேட்டர் வினாக்கள்தான். இட்டரேட்டர் என்பது உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்து, எதுவரை தந்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் பொருள். ரிகர்ஷனுக்கும் எக்ஸெப்ஷனுக்கும் எல்லோரும் நேரம் ஒதுக்குகிறார்கள். இட்டரேட்டரை மட்டும் ஃபார் லூப்பின் உள்விவகாரம் என்று தாண்டிப் போகிறார்கள். வினா அமைப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இப்பகுதிக்கு நான் கைக்கொண்ட உத்தி ஒன்றுதான். மற்றவை அனைத்தும் அதற்குப் பிறகுதான் என்று அடித்துச் சொல்வேன். நிரலில் ஒரு மாறியைக் கண்டவுடன், எதுவரை படித்திருக்கிறோம் என்ற நிலையை அது தன்னிடமே வைத்திருக்கிறதா, அல்லது கேட்கும்போதெல்லாம் புதிய இட்டரேட்டர் ஒன்றைத் தருகிறதா என்று பாருங்கள். லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி, ரேஞ்ச் ஆகிய தொகுப்புகள் ஒவ்வொரு லூப்புக்கும் புதிதாக ஒன்றைத் தரும். மேப், ஃபில்டர், ஜிப் (பல தொடர்களின் உறுப்புகளை இணை சேர்ப்பது), எனுமரேட், ஜெனரேட்டர் (கேட்கக் கேட்க மதிப்புகளை உருவாக்கித் தருவது), திறந்து வைத்த கோப்பு ஆகியவை தாமே இட்டரேட்டர்கள்; அவற்றை, இட்டரேட்டரைப் பெற்றுத் தரும் இட்டர் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் தம்மையே திருப்பித் தரும், ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். பைத்தான் 2-இல் மேப்பும் ஜிப்பும் லிஸ்டையே தந்தன. ஆகவே பழைய வினா வங்கிகளின் விடைகளை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள்.

நான் மெதுவாகப் படிக்கிறவன். மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வரி நிரலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிலை எங்கே நிற்கிறது என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுப் பழகினேன். உங்களுக்கும் அதுவே போதும் என்றுதான் நினைக்கிறேன். எடுத்துக்காட்டாக, 1 முதல் 5 வரையுள்ள லிஸ்டிலிருந்து ஓர் இட்டரேட்டரை எடுத்து, அதில் 3 இருக்கிறதா என்று இன் ஆபரேட்டரால் கேளுங்கள். ட்ரூ என்று விடை வரும். ஆனால் தேடும்போதே 1, 2, 3 மூன்றும் கழிந்துவிடுகின்றன. அடுத்த வரியில் அதை லிஸ்டாக மாற்றினால் கிடைப்பது 4, 5 மட்டுமே. அதற்கும் அடுத்த வரியில் 2 இருக்கிறதா என்று கேட்டால் ஃபால்ஸ். அம்புக்குறி போட்டவருக்கு இது அரை நிமிட வேலை.

காப்பி பற்றிய வினாக்களில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான் பணம் கட்டிப் படித்த பயிற்சி வகுப்பின் குறிப்பேட்டிலேயே 'இட்டரேட்டரைக் காப்பி செய்ய முடியாது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது பாதி உண்மைதான். ஓர் இட்டரேட்டரை வேறொரு பெயருக்கு அசைன் செய்தால் பெயர் இரண்டாகுமே தவிர நிலை ஒன்றுதான். பைத்தானின் காப்பி மாட்யூலைக் கொண்டு லிஸ்டின் இட்டரேட்டரை நகலெடுத்தால் நிலையும் தனியாகப் பிரிகிறது. ஆனால் அடியில் இருக்கும் லிஸ்ட் பொதுவானதுதான் என்பதால், அதில் புதிதாகச் சேர்க்கும் உறுப்பு, இன்னும் தீராத இரண்டு இட்டரேட்டர்களுக்கும் தெரியும். ஏற்கெனவே தீர்ந்துபோன இட்டரேட்டர், லிஸ்டில் எதைச் சேர்த்தாலும் உயிர் பெறாது. ஜெனரேட்டரை நகலெடுக்க முயன்றாலோ டைப்எர்ரர் என்ற பிழை வரும்.

ஜெனரேட்டரை இரண்டாகப் பிரிக்க, பைத்தானின் இட்டர்டூல்ஸ் மாட்யூலில் டீ என்ற ஃபங்ஷன் உண்டு. அதன்பின் மூல இட்டரேட்டரைத் தொடக்கூடாது என்பதைத்தான் வினாவாக்குகிறார்கள். மூலத்தில் 1, 2, 3, 4 இருக்கின்றன. டீ அதை இடது, வலது என்று பிரிக்கிறது. இடதில் நெக்ஸ்ட் (அடுத்த உறுப்பு) கேட்டால் 1. இப்போது மூலத்திலேயே நெக்ஸ்ட் கேட்டால் 2. பிறகு வலதில் கேட்டால், டீ சேமித்து வைத்திருந்த 1 முதலில் வரும். அடுத்து வருவது 3. இடதிலும் அடுத்தது 3தான். அந்த 2 இரண்டு பக்கத்துக்கும் கிடைப்பதில்லை. இடதை முழுவதும் ஓடவிட்ட பிறகே வலதைத் தொடப்போகிறோம் என்றால், எல்லா உறுப்புகளும் நினைவகத்தில் தேங்கும். அதற்கு லிஸ்டாக மாற்றிக்கொள்வதே வேகமானது என்று பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது.

கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டியவை:

- ஒரே இட்டரேட்டரை வெளி லூப்புக்கும் உள் லூப்புக்கும் கொடுப்பது. உள் லூப் மிச்சத்தை எல்லாம் தின்றுவிடும். வெளி லூப் ஒரே ஒரு சுற்றோடு முடியும்.
- ஒரே ஜெனரேட்டருக்கு இருமுறை சம் (கூட்டுத்தொகை). இரண்டாவது முறை பிழை எதுவும் வராது, 0 வரும். மேக்ஸ் (மிகப் பெரிய மதிப்பு) என்றால் வேல்யூஎர்ரர் என்ற பிழை.
- ஜிப்பில் வரிசை. 1, 2, 3, 4 உள்ள இட்டரேட்டரை முதலிலும் 10, 20 உள்ள லிஸ்டை இரண்டாவதாகவும் கொடுத்தால், இணை கிடைக்காத 3 வீணாகிவிடும். பிறகு நெக்ஸ்ட் கேட்டால் 4. இடம் மாற்றிக் கொடுத்தால் 3 பிழைத்துக்கொள்ளும்.
- ஒரே இட்டரேட்டரை ஜிப்புக்கு இருமுறை கொடுத்து அடுத்தடுத்த உறுப்புகளை இணையாக்குவது. எண்ணிக்கை ஒற்றைப்படையானால் கடைசி உறுப்பு போயிற்று.

ஜிப் வினா ஒன்றே என் தாளில் இரு வேடங்களில் வந்தது. இதை விளக்கும் அளவுக்குப் பொறுமை உள்ள பாடநூல் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நீங்களே போட்டுப் பார்ப்பதுதான் வழி.

பிற மொழிப் பகுதிக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஜாவாவில் ஒரு ஸ்ட்ரீமை (உறுப்புகளை ஒருமுறை மட்டும் ஓடவிடும் தொடர்) இரண்டாவது முறை பயன்படுத்தினால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். பைத்தானைப் போலச் சத்தமில்லாமல் வெறுமையைத் தராது என்பதற்காகவே எனக்கு ஜாவாவின் வழக்கம் பிடித்திருக்கிறது. சி++-இல் ஃபார்வர்ட் இட்டரேட்டரின் நகலை வைத்து மீண்டும் நடக்கலாம், இன்புட் இட்டரேட்டரில் அந்த உறுதி கிடையாது. ரஸ்டில் குளோன் என்பது இட்டரேட்டரையே நகலெடுக்கும், குளோன்டு என்பது அது தரும் உறுப்புகளை நகலெடுக்கும்; ஓர் எழுத்து வேறுபாட்டில் மதிப்பெண் போகும். ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்-ஆஃப் லூப்பிலிருந்து பிரேக் செய்து வெளியே வந்தால் ஜெனரேட்டர் மூடப்பட்டுவிடும், ஆனால் அரேயின் இட்டரேட்டரை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பாடத்திட்டம் எந்தப் பைத்தான் பதிப்பைக் குறிப்பிடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். இட்டர்டூல்ஸின் செயின், சைக்கிள் போன்றவற்றைக் காப்பி மாட்யூலால் நகலெடுக்கும் வசதி கைவிடப்படும் என்று 3.12-இலேயே எச்சரித்து, 3.14-இல் நீக்கிவிட்டார்கள், ஒரே வினாவுக்குப் பதிப்பைப் பொறுத்து விடை மாறும்.