வளரவில்லை என்று எழுதுவதற்கு முன்

"ஒரு நாளும் விடாமத்தான் போடுறம் டொக்டர். பிள்ளை வளருற மாதிரித் தெரியேல்லை."

வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போடும் பிள்ளைகளின் ஆறு மாதக் கிளினிக்கில் இதைக் கேட்டதும் கை தானாக மருந்தின் அளவைக் கூட்டி எழுதப் போகும். பேனாவைக் கொஞ்சம் கீழே வைப்பதுதான் நல்லது. வளர்ச்சி ஹோர்மோன் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஊசி ஒழுங்காகப் போனால் முதல் வருடத்தில் 8 முதல் 12 செ.மீ. வரை உயரலாம். டர்னர் சின்ட்ரோம் (X குரோமோசோம் ஒன்று இல்லாத அல்லது குறையுள்ள நிலை) உள்ள பெண் பிள்ளைகளுக்குப் பலன் இதைவிடக் குறைவு. மருந்தின் அளவும் கூடுதலாக வேண்டும். மருந்து கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்தான். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் சுவரில் உள்ள அளவுப்பலகை, வீட்டுப் பிரிட்ஜ், சிரிஞ்ச் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும்.

பலகையில் தொடங்குவோம். பள்ளிக்கூடம் முடிந்து நேரே வரும் பிள்ளைக்கு இரட்டைப் பின்னலும் ரிபனும் இருக்கும். சில பிள்ளைகளுக்குப் பின்னந்தலையில் கொண்டை. கொண்டை பலகையில் முட்டினால் தலை முன்னால் தள்ளப்பட்டு நாடி தாழும். உச்சியில் இருக்கும் கிளிப், ரிபன் எல்லாம் உயரத்தைக் கூட்டிக் காட்டும். அவிழ்க்கச் சொன்னால் அம்மா முகம் சுளிப்பார், வெளியே வரிசையும் நீளும். இருந்தாலும் அவிழ்க்கத்தான் வேண்டும். சப்பாத்தும் மேசும் கழற்றி, குதி, பிட்டம், தோள்பட்டை, தலை நான்கும் பலகையில் பட நிறுத்துவோம். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே கிடைக்கோட்டில் வர வேண்டும். மூன்று தடவை அளந்து சராசரி எடுப்போம். காலையில் அளந்த பிள்ளையைப் பின்னேரம் அளந்தால் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையலாம், முள்ளந்தண்டு நாள் முழுக்கச் சுமை தாங்கிச் சற்று அமுங்கிவிடுகிறது. வருடத்துக்கு 5 செ.மீ. வளரும் பிள்ளை ஆறு மாதத்தில் வளர்வதே இரண்டரை செ.மீ.தான். அதில் ஒரு செ.மீ. பிழைத்தால் கணக்கில் என்ன மிஞ்சும்? இதனால்தான் மூன்று மாத இடைவெளியில் எடுத்த அளவை வைத்து வளர்ச்சி வேகம் கணிப்பதை நாங்கள் நம்புவதில்லை.

அடுத்தது பிரிட்ஜ். இந்த மருந்து ஒரு புரதம். பெரும்பாலான வகைகளை 2 முதல் 8 பாகை செல்சியசில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் கெட்டுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. குளிரில் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஐஸ் அறைக்கு அடுத்த தட்டில் வைத்த குப்பி ஒரே இரவில் உறைந்துபோகும். உருகிய பின் தெளிவாகத்தான் தெரியும்; ஆனாலும் அதைப் போடக்கூடாது. கதவுத் தட்டும் சரியில்லை, திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத் தட்டில், பின்சுவரில் முட்டாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைப்பதுதான் நாங்கள் சொல்லும் இடம்.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலம் நினைவிருக்கும். பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேலென்றால் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ், அதைச் சுற்றித் துவாய், துவாய்க்கு வெளியே மருந்து. ஐஸில் மருந்து நேரடியாகப் படக்கூடாது.

சிரிஞ்ச்தான் அதிகம் ஏமாற்றுவது. பேனா ஊசி கிடைக்கும் வீட்டில் இந்தச் சிக்கல் குறைவு. தூள் குப்பியைக் கரைத்து இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கும் வீட்டில் "யூனிட்" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது: ஹோர்மோனின் யூனிட் ஒன்று, சிரிஞ்சில் உள்ள இன்சுலின் யூனிட் கோடு மற்றது. 15 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 33 மைக்ரோகிராம் என்று வைத்தால் ஓர் இரவுக்கு அரை மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் 3 யூனிட், ஆகவே 1.5 யூனிட் ஹோர்மோன். 10 யூனிட் குப்பியை 1 மில்லிலீற்றரில் கரைத்தால் இது 0.15 மில்லிலீற்றர், 100 கோடுள்ள இன்சுலின் சிரிஞ்சில் 15ஆவது கோடு. துண்டில் "1.5 யூனிட்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அப்பா சிரிஞ்சின் ஒன்றரைக் கோட்டுக்கு இழுப்பார். பிள்ளைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு. பார்மசியில் இம்முறை 4 யூனிட் குப்பி வந்து, அதையும் 1 மில்லிலீற்றரில் கரைத்தால் அதே மருந்துக்கு 37 கோட்டுக்குச் சற்று மேலே இழுக்க வேண்டும். ஆகவே யூனிட்டோடு கோட்டையும் எழுத வேண்டும். முடிந்தால் சிரிஞ்ச் ஒன்றில் மார்க்கரால் கோடு போட்டே கையில் கொடுத்துவிடலாம். குப்பி மாறினால் கோடும் மாறும் என்பதை அம்மாவையே திருப்பிச் சொல்ல வைப்போம்.

கரைக்கும்போது நீரைக் குப்பியின் சுவரோடு வழியவிட்டு மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் சிதையும். கூட வரும் நீரையும் பார்க்க வேண்டும். கிருமி வளராமல் தடுக்கும் பென்சைல் அற்ககோல் கலந்த நீரென்றால், மருந்துத் தாளில் போட்ட நாள் வரை பிரிட்ஜில் வைத்துப் பாவிக்கலாம். வெறும் நீரென்றால் மிச்சத்தை அடுத்த நாளைக்கு மேல் வைக்க முடியாது. ஊசியைத் தோலுக்குள் 10 எண்ணும் வரை வைத்திருந்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் துளி கசிந்தால் அவசரப்பட்டு இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நோகாத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே வந்தால் தோல் தடித்து மருந்து சரியாக உறிஞ்சப்படாது. தொடை, வயிறு, பிட்டம் என்று இடம் மாற்றச் சொல்வோம்.

எடை கூடிய பிள்ளைக்குப் பழைய அளவே போய்க்கொண்டிருப்பதும் உண்டு. தைரொயிட்டையும் பார்க்க வேண்டும்: மறைந்திருந்த குறைபாடு இந்தச் சிகிச்சையில் வெளியே வரலாம், அதுவும் வளர்ச்சியைத் தடுக்கும்.

காத்திருக்கக்கூடாத இரண்டு விடயங்கள் உண்டு. வாந்தியோடு விடாத தலையிடி, அல்லது பார்வை மங்கல்: தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். நொண்டல், இடுப்பு நோ, சில வேளை முழங்கால் நோ மட்டும்: தொடை எலும்பின் தலை வழுகியிருக்கலாம். முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு அடுத்த கிளினிக் வரை இருக்கக்கூடாது.

போனில் தேடிப் பார்த்துவிட்டு "இது மூளைநோய் தருமாமே" என்று கேட்பவர்களும் வருவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. முன்பு இறந்தவர்களின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹோர்மோனால் சிலருக்கு மூளைநோய் வந்தது; அமெரிக்காவில் 1985இல் அதன் பாவனை நிறுத்தப்பட்டது. இன்றைய மருந்து மரபணு முறையில் ஆய்வகத்தில் தயாராவது. கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் இதைச் சொன்னால் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள்.

கடைசியாக, வெறும் குப்பிகள். ஒன்றையும் எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வோம். மேலே சொன்ன பிள்ளைக்கு 10 யூனிட் குப்பி ஒன்று 6 இரவுக்கு வரும். ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 30 குப்பி. பையில் 22 இருந்தால் போட்டது 132 இரவு, அதாவது கிழமைக்கு ஏறத்தாழ இரண்டு இரவு போடவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை, அவர் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் போட்டுத்தான் இருப்பார். மெதுவாகக் கேட்டால் விடயம் வெளியே வரும்: வெள்ளி, சனி ரியூஷன் முடிந்து வந்ததும் பிள்ளை படுத்துவிடும், "நித்திரையாப் போச்சுது, எழுப்பாதை பிள்ளை" என்று அம்மம்மா சொல்லிவிடுவா. அந்த இரண்டு நாளும் இராச் சாப்பாட்டுக்கு முன்னமே ஊசியைப் போட்டுவிடலாம். அளவை மாற்றாமல், மூன்று மாதம் கழித்துப் பையோடு வரச் சொல்லி அனுப்புவோம்.