பெயர் இல்லாத கைகள்

ரோமில் மூன்றாவது நாள். ஸ்பானியப் படிக்கட்டிலிருந்து வியா தெல் பபுயினோ வழியாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு பழம்பொருள் கடையில் தடித்த புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே பக்கங்களுக்குப் பதில் வரிசை வரிசையாக வெள்ளை பிளாஸ்டர் வில்லைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் தங்கக் காகிதம் ஒட்டி, பக்கத்தில் மையால் எண் போட்டிருந்தது.

எல்லாம் செதுக்கிய மணிக்கற்களின் அச்சுகள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ரோமைச் சுற்றிப் பார்க்க வந்த செல்வந்தர்கள் இப்படிப் புத்தக வடிவப் பெட்டிகளை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள்.

கடைக்காரப் பெரியவர் ஒரு வில்லையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, லென்ஸையும் கொடுத்தார். பெரிய காசு அளவுதான் இருக்கும். தன் மகன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் கையை டிராய் மன்னன் பிரியாம் மண்டியிட்டு முத்தமிடுகிறான். கிழவனின் தாடி இழை இழையாகத் தெரிகிறது. அக்கிலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மூலக் கல்லில் இதை இடவலம் மாற்றி, குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் சூதுபவளம்; நம் கொடுமணல் அகழாய்வில் கிடைக்கிறதே, அதே கல். உளிக்கு மசியாது. சுழலும் சின்னச் சக்கர முனையில் வைரப்பொடியும் எண்ணெயும் தடவித் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தத் தாடியைக் கொண்டுவர வேண்டும்.

இந்த ரோம் கலைஞர்களுக்கு நிறைய வேலை கொடுத்தவர் இளவரசர் ஸ்தனிஸ்வாஃப் பொனியதோவ்ஸ்கி, போலந்தின் கடைசி மன்னருடைய அண்ணன் மகன். பழங்காலக் கவிஞர்கள் ஹோமர், வெர்ஜில், ஓவிட் சொன்ன கதைகளிலிருந்து காட்சி காட்சியாகச் செதுக்கவைத்து, சுமார் 2,600 கற்கள் சேர்த்தார். பலவற்றில் பழங்கால கிரேக்கக் கலைஞர்களின் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். அவர் இறந்த பிறகு, 1839-இல் லண்டனில் ஏலம். இவை பழசில்லை என்று தெரிந்து மதிப்பு சரிந்தது, கற்கள் சிதறிப்போயின. ஜொவான்னி கலந்த்ரெல்லி போன்றவர்களின் அபாரமான கைவேலை, போலி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பெரிய அநியாயம் இது. பொய் பெயரில்தான் இருந்தது, கோட்டில் இல்லையே! அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் ஜொவான்னி பிக்லர் தன் பெயரையே கிரேக்க எழுத்தில் கல்லில் பொறித்தார். அதனால் அவரை இன்றும் தெரிகிறது.

சரி, இந்தப் பிரியாம் யார் செதுக்கியது? பெரியவரிடம் கேட்டேன். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை ஓட்டி, 41-ஆம் எண்ணில் நிறுத்தினார். ‘பிரியாம், அக்கிலீஸ்’ என்று மட்டும் இருந்தது.