இரண்டாவது குச்சி

மூத்தவளுக்கு ஒரு வயதானபோது இடது மேற்கையின் உட்புறத்தில், தோலுக்கடியில் ஜடெல் வைத்துக்கொண்டேன். தீக்குச்சியைவிடச் சற்றுத் தடித்த இரண்டு மென்குச்சிகள். 5 வருடங்களுக்குக் கருத்தரிப்பைத் தடுக்கும். வைத்த அன்றே இரண்டையும் விரலால் தொட்டுப் பார்க்கும்படி எவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அடுத்த பிள்ளைக்கு விரும்பி அதை எடுக்கப் போன இடத்தில் ஒரு குச்சி பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மற்றது தோலுக்கு மேலால் தட்டுப்படவே இல்லை. தட்டுப்படாததை வெட்டித் தேடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. தேடியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முக்கால் மணிநேரம் கிளறி, விறைப்பூசியும் இருமுறை போட்டு, கடைசியில் தையலிட்டு அனுப்பினார்கள். மறுநாள் கை முழங்கை வரை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. குச்சி நெஞ்சுக்கு ஓடிவிடும் என்று அயலில் ஒருவர் சொன்னதைக் கேட்டு மாமி இரவு முழுக்க உறங்கவில்லை.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, அது பெரும்பாலும் வைத்த இடத்தை விட்டு அதிகம் நகராது என்றும், ஆழமாக வைக்கப்பட்டிருப்பதே காரணமாக இருக்கலாம் என்றும், வீக்கம் வற்றிக் காயம் ஆறும்வரை எவரையும் அதில் கைவைக்க விடவேண்டாம் என்றும், மற்றக் குச்சியும் வெளியே வரும்வரை ஆணுறை பயன்படுத்தும்படியும் சொன்னார்.

ஆறு கிழமைகளின் பின் ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போய் ஸ்கான் செய்தேன். திரையில் குச்சி குச்சியாகத் தெரியவில்லை. குறுக்காகப் பார்க்கும்போது வெள்ளைப் புள்ளியொன்றும் அதன் கீழே கறுப்பு நிழலும்தான். தசையை ஒட்டிக் கிடந்தது. மருத்துவர் அதன் இரு முனைகளையும் பேனாவால் தோலில் குறித்தார். குச்சிக்கு மேலே ஊசி போட்டால் அந்த இடம் புடைத்துக் குச்சி மறைந்துவிடும் என்பதால், முனைக்கு அடியில்தான் மருந்தை ஏற்றினார். அந்தப் பக்கமாக நரம்பு ஓடுவதால், சுண்டுவிரலுக்கு மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று இருமுறை எச்சரித்தார். குச்சியைச் சுற்றி உடம்பு கட்டியிருந்த மெல்லிய உறையைக் கத்தி நுனியால் சுரண்டியதும் வெண்முனை எட்டிப் பார்த்தது. சிறு இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தார்.

தாதி அதைத் துணித்துண்டில் வைத்து அடிமட்டத்தால் அளந்தார். 4 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். முறியாமல் முழுதாக வந்திருந்தது.

அன்று பின்னேரமே வீடு திரும்பினேன். பாரம் தூக்கக்கூடாது என்றதால் ஒரு கிழமைக்கு மாமிதான் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்.