நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை கதைப் புத்தகங்கள்?

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கை ஈராண்டுகளாக நான்தான் எழுதிவருகிறேன். அதனால், பள்ளிக்குக் கூடுதல் பணம் வந்தால் பிள்ளைகள் தாமாகவே முன்னேறிவிடுவார்கள் என்று பட்டர்வொர்த்தில் யார் சொன்னாலும் முன்புபோல் உடனே தலையாட்ட முடிவதில்லை.

மலேசியா கல்விக்குக் குறைவாகச் செலவிடும் நாடன்று. 2011ஆம் ஆண்டிலேயே அரசாங்கச் செலவில் 16 விழுக்காடு கல்விக்குப் போனதாகக் கல்விப் பெருந்திட்டம் கூறுகிறது. ஆனால், பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின் கணிதப் பகுதியில் 2018இல் 440 புள்ளிகள் பெற்ற நாம் 2022இல் 409க்கு இறங்கினோம். மாணவர் ஒருவருக்கு நம்மைவிடக் குறைவாகச் செலவிடும் வியட்நாம் 469 பெற்றது. பெருந்தொற்றில் பல நாடுகள் சறுக்கின என்பது உண்மைதான். ஆயினும் அந்த இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது.

இதைக் காட்டிப் பணத்தால் பயனில்லை என்போரை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்புகளால் பள்ளி நிதி உயர்ந்த மாவட்டங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, பள்ளிக் காலம் முழுவதும் செலவு 10 விழுக்காடு கூடியபோது பிள்ளைகளின் பிற்கால ஊதியம் ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்ததாகவும், ஏழைப் பிள்ளைகளே அதிகம் பயனடைந்ததாகவும் கண்டது.

தலைக்கு இவ்வளவு என்று மானியத்தைக் கணக்கிடும் முறையில்தான் எனக்கு மனத்தாங்கல். நானூறு பேர் படிக்கும் பள்ளியின் பிள்ளைக்கு எத்தனை விதமான கதைகள் வேண்டுமோ, நாற்பது பேர் படிக்கும் எங்கள் பள்ளியின் பிள்ளைக்கும் அத்தனை வேண்டும். பணமோ பத்தில் ஒரு பங்கு. சென்ற மாதம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கத்தக்க தமிழ்க் கதைப் புத்தகங்களை அலமாரியில் எண்ணினேன்: பதினேழு. அவற்றில் நான்கிற்கு அட்டை இல்லை. ஒரு சிறுமி, "அங்கிள், இதெல்லாம் படிச்சு முடிச்சாச்சு" என்றாள்.

அதே அறையில், நன்கொடையாக வந்த பெரிய மின்திரையொன்று பொங்கல் விழாவின் மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதை இயக்கப் பழகியிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். திரையை ஒப்படைத்த நாளில் படம் எடுத்தார்கள்; புத்தகம் வாங்கினால் யாரும் படம் எடுப்பதில்லை.

அடுத்த கூட்டத்தில், அத்திரையின் மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்க எண்ணூறு ரிங்கிட் கேட்டுத் தீர்மானம் வருகிறது. நான் எதிர்த்துக் கை தூக்கப்போகிறேன். புத்தகப் பட்டியலையும் எழுதி வைத்திருக்கிறேன்.